பெர்கின்ஸ் மானியத்தை நிர்வகிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அமெரிக்கப் பள்ளிகளில் வெல்டிங், நர்சிங் உதவியாளர், ஆட்டோ மெக்கானிக், சமையற்கலை, சைபர் செக்யூரிட்டி என்று சொல்லித்தரும் தொழிற்கல்விப் பிரிவைச் சி.டி.இ. என்பார்கள். அதற்கு ஃபெடரல் அரசு தரும் முக்கியமான மானியம் பெர்கின்ஸ். ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிலோ (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) கம்யூனிட்டி காலேஜிலோ வேலை பார்க்கும் யாருக்கும் இந்தப் பொறுப்பு கேட்காமலே வந்து சேரலாம். கணக்குப் பிரிவில் இருப்பீர்கள், இல்லை கம்ப்யூட்டர் பாடம் எடுப்பீர்கள். பழைய ஒருங்கிணைப்பாளர் ஓய்வு பெற்றதும் "இனிமேல் பெர்கின்ஸை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு கோப்பு உங்கள் மேஜைக்கு வரும். திறந்தால் பாதிக்குமேல் சுருக்கப் பெயர்களாகத்தான் இருக்கும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். மாநிலத்திலிருந்து வருபவரோ ஆடிட்டரோ, யார் வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "இதை ஏன் வாங்கினீர்கள்?" அதற்கான பதில் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் இருந்திருக்க வேண்டும். வாங்கிய பிறகு எழுதும் காரணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுபடாது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த எழுத்தை உரிய நேரத்தில் உண்டாக்குவதற்கான வேலைகள்தான்.

முதல் படி: பணம் வரும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

கென்டக்கியைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் கார்ல் டி. பெர்கின்ஸின் பெயரில் 1984இல் வந்த சட்டம் இது. அதன் பிறகு பலமுறை திருத்தி எழுதப்பட்டு, இப்போது நடப்பில் இருப்பது 2018 ஜூலை 31 அன்று கையெழுத்தான ஐந்தாவது வடிவம். பேச்சுவழக்கில் 'பெர்கின்ஸ் ஃபைவ்'. ஆண்டுக்கு 140 கோடி டாலருக்கு மேல் இதன் வழியே மாநிலங்களுக்குப் போகிறது. ஆடிட் காகிதங்களில் 84.048 என்ற எண்ணைப் பார்த்தால் அது இந்த மானியம்தான்.

மாநிலம் தனக்கு வந்த தொகையில் குறைந்தது 85 சதவீதத்தை டிஸ்ட்ரிக்டுகளுக்கும் காலேஜ்களுக்கும் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். பள்ளிக்கு எவ்வளவு, காலேஜுக்கு எவ்வளவு என்பது மாநிலத்தின் முடிவு. பள்ளிப் பங்கைப் பிரிக்கும் கணக்கு எளிமையானது. 30 சதவீதம் டிஸ்ட்ரிக்டில் வசிக்கும் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மீதி 70 சதவீதம் அதே வயதில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளைப் பொறுத்தது. காலேஜ்களுக்கு, தொழிற்படிப்பில் சேர்ந்திருப்பவர்களில் பெல் மானியம் (வசதி குறைந்த மாணவர்களுக்கு ஃபெடரல் அரசு தரும் உதவித்தொகை) பெறுகிறவர்களின் எண்ணிக்கையே முக்கியம். கவனியுங்கள், இதில் எங்கேயும் 'நல்ல விண்ணப்பம் எழுதினால் கூடுதல் தொகை' என்பது இல்லை. அதனால் விண்ணப்பத்தை அலங்காரமாக எழுதுவதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். விதிவிலக்கு ஒன்று உண்டு. அந்த 85 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை மாநிலம் 'ரிசர்வ்' என்று ஒதுக்கி வைத்து, கிராமப்புறங்களுக்கும் சி.டி.இ. மாணவர்கள் அதிகம் உள்ள இடங்களுக்கும் தேர்ச்சியில் இடைவெளி உள்ள இடங்களுக்கும் கொடுக்கலாம். சில மாநிலங்கள் இதற்குப் போட்டி வைக்கின்றன. அங்கே எழுத்துத் திறமைக்கு மதிப்பு உண்டு.

உங்கள் ஒதுக்கீடு பள்ளிப் பிரிவில் 15,000 டாலருக்கும் காலேஜ் பிரிவில் 50,000 டாலருக்கும் குறைவாக வந்தால் தனியாக வாங்க முடியாது; மற்றவர்களோடு சேர்ந்து கூட்டமைப்பாக விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிப் பிரிவில், ஆள் குறைவான கிராமப்புறத்துக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கும் (பொதுப் பணத்தில் தன்னாட்சியாக நடக்கும் பள்ளிகள்) மாநிலம் விலக்கு தரலாம். பலரும் கூட்டமைப்பைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நாலு டிஸ்ட்ரிக்ட் சேர்ந்து பணத்தை வாங்கி, அவரவர் பங்கை அவரவர் எடுத்துக்கொண்டு போவதைச் சட்டம் தடுக்கிறது. உறுப்பினர் எல்லோருக்கும் பொதுவாகப் பயன்படும் திட்டங்களுக்குத்தான் அது செலவாக வேண்டும்.

2025இல் கல்வித் துறைக்கும் தொழிலாளர் துறைக்கும் இடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டு, வாஷிங்டனில் இதன் அன்றாட நிர்வாகம் தொழிலாளர் துறையின் பக்கம் நகர்ந்தது. சட்டம் மாறவில்லை. உங்களைப் பொறுத்தவரை பேச வேண்டிய ஆள் இன்னமும் உங்கள் மாநிலத்தின் பெர்கின்ஸ் அலுவலர்தான். முதல் வாரத்திலேயே அவருக்கு ஃபோன் செய்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தேவை மதிப்பீடு

இந்த வேலையில் அதிக உழைப்பைக் கேட்பதும், ஆட்கள் அதிகம் ஏமாற்றப் பார்ப்பதும் இந்த இடத்தில்தான். உள்ளூரில் என்ன குறை, எதற்குப் பணம் வேண்டும் என்று ஆராய்ந்து எழுதும் ஆவணம் இது; சி.எல்.என்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். குறைந்தது 2 ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தாக வேண்டும். இதில் கண்டறிந்த தேவைகளுக்குத்தான் பணத்தைச் செலவிடலாம் என்று சட்டமே சொல்கிறது. அதாவது, மதிப்பீட்டில் இல்லாத தேவைக்குப் பணம் இல்லை.

பார்க்க வேண்டிய விஷயங்கள் இவை: மாணவர் தேர்ச்சி, அதுவும் பிரிவு வாரியாகப் பிரித்துப் பார்த்தது, பாடத்திட்டங்களின் அளவும் வீச்சும் தரமும், அவை உள்ளூர் வேலைச் சந்தையோடு பொருந்துகின்றனவா என்பது, பள்ளியிலிருந்து காலேஜ் வரை தொடரும் படிப்பு வரிசை எந்த நிலையில் இருக்கிறது என்பது, ஆசிரியர்களைச் சேர்ப்பதும் தக்கவைப்பதும் பயிற்றுவிப்பதும், எல்லா மாணவருக்கும் சம வாய்ப்பு கிடைக்கிறதா என்பது.

கடைசியாகச் சொன்னதற்குச் சட்டம் 9 பிரிவினரைக் குறிப்பிடுகிறது. மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள், தங்கள் பாலினத்தவர் குறைவாக உள்ள துறையைத் தேர்ந்தவர்கள் (வெல்டிங் படிக்கும் பெண், நர்சிங் படிக்கும் பையன்), கர்ப்பிணிகள் உட்படத் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள், வேலைச் சந்தையிலிருந்து விலகி இருந்தவர்கள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள், வீடற்றவர்கள், ஃபாஸ்டர் பராமரிப்பில் (பெற்றோரிடம் இல்லாமல் அரசு ஏற்பாட்டில் வேறு குடும்பத்தில்) இருப்பவர்கள் அல்லது வயது காரணமாக அதிலிருந்து வெளியே வந்தவர்கள், ராணுவப் பணியில் இருப்பவரின் பிள்ளைகள். உங்கள் மாணவர் தரவில் இந்த 9க்கும் தனித்தனிக் குறியீடு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தேவை மதிப்பீட்டை எழுத உட்கார்ந்த பிறகு, ராணுவக் குடும்பப் பிள்ளைகளின் பட்டியல் யாரிடமும் இல்லை என்று தெரிந்தால் நிலைமை சங்கடம்தான்.

யாரையெல்லாம் கலந்து பேச வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது: ஆசிரியர்கள், கவுன்சிலர்கள், பிரின்சிபல்கள், காலேஜ் தரப்பினர், வேலைவாய்ப்பு வாரியம், உள்ளூர்த் தொழில் நிறுவனங்கள், பெற்றோர், மாணவர்கள், மேலே சொன்ன பிரிவினரின் பிரதிநிதிகள், பள்ளியை விட்டு விலகிய இளைஞர்களுக்காக வேலை செய்யும் அமைப்புகள், பொருந்துமிடத்தில் பழங்குடியினரின் பிரதிநிதிகள். இவ்வளவு பேரையும் ஒரே அறையில் உட்காரவைக்க முடியாது, தேவையும் இல்லை. தொழில் நிறுவனத்தாருக்குக் காலை 7 மணிக்கு முக்கால் மணி நேரக் கூட்டம், பெற்றோருக்கு ஆன்லைன் கேள்வித்தாள், மாணவர்களிடம் வகுப்பிலேயே நேர்ப்பேச்சு என்று பிரித்து நடத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி, வந்தவர் கையெழுத்து, பேசியதன் குறிப்பு மூன்றும் வேண்டும். 'ஆலோசனை நடந்தது' என்ற ஒற்றை வரி போதாது. சொல்லப்பட்ட கருத்தால் உங்கள் திட்டத்தில் என்ன மாறியது என்பதையும் ஒரு பத்தியில் எழுதிவையுங்கள்.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். உங்கள் வெல்டிங் வகுப்பில் 20 பேர், வேலை செய்யும் மெஷின் 6. வருடா வருடம் மெஷின் கேட்பது ஆசிரியரின் வழக்கம். அதை அப்படியே 'தேவை' என்று எழுதினால் பலவீனமாக இருக்கும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: வெல்டிங் சான்றிதழ் தேர்வில் தேர்ச்சி மாநில இலக்கைவிடக் குறைவு, தோற்றவர்களில் பெரும்பாலோர் விழுந்தது டிக் (TIG) வெல்டிங் என்ற நுட்பமான வெல்டிங் முறையின் பகுதியில், ஒரு மாணவருக்கு வாரத்தில் அந்த மெஷினில் கிடைக்கும் நேரம் இவ்வளவுதான், உள்ளூர் ஃபேப்ரிகேஷன் கடைக்காரர்கள் இந்தத் தேதியில் நடந்த கூட்டத்தில் இதே திறனைத்தான் கேட்டார்கள். இப்போது மெஷின் என்பது ஆசிரியரின் ஆசையாக இல்லாமல், தேர்ச்சி எண்ணுக்கும் வேலைச் சந்தைக்கும் நடுவில் உள்ள ஓட்டையாகத் தெரிகிறது. இந்த நாலு வரியை எழுதுவதற்குத்தான் அவ்வளவு கூட்டமும்.

மூன்றாம் படி: விண்ணப்பம்

மதிப்பீட்டை ஒழுங்காகச் செய்திருந்தால் இது பெரிய வேலையில்லை. விண்ணப்பம் பொதுவாக மாநிலத் திட்டத்தின் காலமான 4 ஆண்டுகளுக்கு. ஆனால் பட்ஜெட்டையும் திருத்தங்களையும் மாநிலங்கள் வருடா வருடம் கேட்கும். நிதியைக் கொண்டு செய்ய வேண்டிய ஆறு வகை வேலைகளைச் சட்டம் வரிசைப்படுத்துகிறது: தொழில்துறை அறிமுகமும் வழிகாட்டலும், ஆசிரியர் பயிற்சி, வேலைச் சந்தைக்கான திறன் பயிற்சி, பாடக் கல்வியைத் தொழிற்பயிற்சியோடு இணைப்பது, படிப்பு வரிசையையும் தேர்ச்சியையும் மேம்படுத்துவது, மதிப்பாய்வு. ஒவ்வொரு பட்ஜெட் வரிக்கும் பக்கத்தில், மதிப்பீட்டின் எந்தப் பக்கத்தில் உள்ள எந்தத் தேவைக்கு இது என்று எண் போட்டுவிடுங்கள். மாநிலத்தின் படிவம் அதைக் கேட்காவிட்டாலும் உங்கள் எக்செல் தாளில் அதற்கென்று ஒரு நெடுவரிசை இருக்கட்டும்.

நான்காம் படி: பட்ஜெட் — எது சரி, எது சரியில்லை

பெர்கின்ஸ் சட்டத்துக்கு மேலே, ஃபெடரல் மானியம் எல்லாவற்றுக்கும் பொதுவான விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது: 2 சி.எஃப்.ஆர். பகுதி 200 (சி.எஃப்.ஆர். என்பது ஃபெடரல் விதிமுறைகளின் தொகுப்பு). 2024இல் திருத்தி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. செலவு தேவையானதா, நியாயமான விலையா, இந்த மானியத்தின் கணக்கில்தான் வர வேண்டுமா என்ற மூன்று சோதனைகளையும் அது கேட்கிறது.

நிர்வாகச் செலவுக்கு உங்கள் ஒதுக்கீட்டில் 5 சதவீதம்தான் உச்சவரம்பு. 80,000 டாலர் வந்தால் 4,000. டிஸ்ட்ரிக்ட் எடுக்கும் மறைமுகச் செலவும் (கணக்குப் பிரிவு, மின்சாரம் போன்ற பொதுச் செலவில் மானியத்தின் பங்கு) இதற்குள்ளேயே அடங்க வேண்டும். அதிலும் இதுபோன்ற மானியங்களுக்கென உள்ள 'கட்டுப்படுத்தப்பட்ட' (restricted) விகிதத்தைத்தான் பயன்படுத்தலாம். ஃபைனான்ஸ் அலுவலகம் பழக்கதோஷத்தில் சாதாரண விகிதத்தைப் போட்டுவிடும். பட்ஜெட்டை ஏற்றுவதற்கு முன் நீங்களே ஒருமுறை சரிபாருங்கள்.

தகராறு அதிகம் வருவது வேறொரு விதியில்: ஃபெடரல் பணம் உள்ளூர்ப் பணத்தோடு கூடுதலாகச் சேர வேண்டும், அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆடிட்டர் மூன்று விஷயங்களைப் பார்ப்பார். இந்தச் செலவு வேறொரு சட்டத்தின்படி நீங்கள் எப்படியும் செய்ய வேண்டியதா? போன வருடம் இதையே உள்ளூர்ப் பணத்தில் செய்தீர்களா? பெர்கின்ஸ் எட்டாத மாணவர்களுக்கு இதையே உள்ளூர்ப் பணத்தில் கொடுத்துவிட்டு, சி.டி.இ. மாணவர்களுக்கு மட்டும் இங்கிருந்து எடுத்தீர்களா? எதற்காவது 'ஆமாம்' என்று வந்தால் இடமாற்றம் நடந்தது என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. பட்ஜெட் இறுகும் வருடங்களில் "வெல்டிங் ஆசிரியர் சம்பளத்தை இந்த வருஷம் பெர்கின்ஸில் போட்டுவிடலாமே" என்று மேலிருந்து ஒரு யோசனை வரும். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள். அதற்கு எழுத்தில் பதில் கொடுங்கள், மாநில அலுவலரின் மின்னஞ்சலையும் இணைத்து.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டடம் கட்ட முடியாது, நிலம் வாங்க முடியாது. பெயர் அச்சிட்ட பேனா, டி-ஷர்ட், நினைவுப்பரிசு கூடாது. மது, கேளிக்கை, அபராதம், அரசியல் ஆதரவு திரட்டல் எதற்கும் இல்லை. ஐந்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் செலவழிக்க முடியாது. ஸ்கில்ஸ்யூஎஸ்ஏ, எஃப்.எஃப்.ஏ. போன்ற மாணவர் அமைப்புகளுக்கும் போட்டிகளுக்கும் உதவலாம். ஆனால் தனி மாணவரின் உறுப்பினர் கட்டணம் போன்றவற்றில் மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறுபடும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மேலே சொன்ன 9 பிரிவு மாணவர்களுக்கு மட்டும் சட்டம் தாராளமாக இருக்கிறது: அவர்கள் கைக்காசு போடவேண்டிய செலவுகளை, போக்குவரத்தும் குழந்தைப் பராமரிப்பும் உட்பட, குறைக்கவோ இல்லாமல் செய்யவோ இந்த நிதியைப் பயன்படுத்தலாம். வசதியில்லாத நர்சிங் மாணவிக்கு சீருடையும் காலணியும் வாங்கித்தர இதைவிட நல்ல வழி கிடையாது. இருந்தும் இதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு என்பது என் எண்ணம்.

ஐந்தாம் படி: வாங்குவது

கொள்முதலில் மூன்று விதிகள் ஒரே நேரத்தில் ஓடும்: ஃபெடரல், மாநிலம், உங்கள் டிஸ்ட்ரிக்ட். எது இறுக்கமோ அதுதான் பொருந்தும். கோட்டேஷன் இல்லாமல் வாங்கக்கூடிய ஃபெடரல் எல்லை நீண்ட காலம் 10,000 டாலராக இருந்தது. பணவீக்கத்தை ஒட்டி அது மாறும். அதனால் வருடத் தொடக்கத்தில் அந்த எண்ணைச் சரிபார்த்து மேஜை மேல் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்குள் வருவதற்காக ஒரே பொருளை இரண்டு பர்ச்சேஸ் ஆர்டராக உடைத்தால் ஆடிட்டர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

நம் வெல்டிங் மெஷினுக்கு வருவோம். ஆசிரியர் ஒரு குறிப்பிட்ட பிராண்டைத்தான் கேட்பார். பழகிய மெஷின், பாகங்கள் கிடைக்கும், நியாயமான காரணம்தான். ஆனால் அந்தப் பிராண்ட் பெயரை மட்டும் போட்டு விலை கேட்கக் கூடாது; 'அல்லது அதற்கு இணையானது' என்று சேர்த்து, எந்த அம்சங்கள் வேண்டும் என்று எழுதுங்கள். அந்த அம்சப் பட்டியலை விற்பனையாளரையே எழுதித்தரச் சொல்வது வசதியான குறுக்குவழி. செய்யாதீர்கள். பட்டியலை எழுதியவர் அந்தப் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்பது விதி.

இன்னொரு நெருடல். உங்கள் ஆலோசனைக் குழுவில் இருக்கும் உள்ளூர்க் கடைக்காரர் மெஷின் தேவை என்று கூட்டத்தில் பேசுகிறார், பிறகு அவரே விற்கிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம், விலையும் குறைவாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தப் பொருள் பற்றிய பேச்சிலும் முடிவிலும் அவர் விலகி நின்றார் என்பது கூட்டக் குறிப்பில் இருக்க வேண்டும். 25,000 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஒப்பந்தமாக இருந்தால், அந்த நிறுவனம் ஃபெடரல் தடைப் பட்டியலில் இல்லை என்று அரசின் சாம் (SAM.gov) இணையதளத்தில் பார்த்து, அன்றைய தேதியோடு பிரிண்ட் எடுத்து கோப்பில் வையுங்கள்.

அப்புறம் தேதி. எந்த வருடப் பணத்தில் ஒரு செலவு சேரும் என்பதை அது 'எப்போது கடமையாகிறது' என்பது தீர்மானிக்கிறது. பொருளுக்கு, எழுத்தில் உறுதியான ஆர்டர் கொடுத்த நாள். ஊழியர் சம்பளத்துக்கு, வேலை செய்த நாள். பயணத்துக்கு, பயணம் போன நாள். வெளியாள் சேவைக்கு, ஒப்பந்தம் எழுத்தில் உறுதியான நாள். வாடகைக்கு, பயன்படுத்திய நாள். ஜூன் 30இல் வருடம் முடிகிறது, ஆசிரியர் மாநாடு ஜூலை 12இல் என்றால், மே மாதமே டிக்கெட் எடுத்திருந்தாலும் பயணம் புது வருடக் கணக்கில்தான் வரும். இதை முன்கூட்டியே ஃபைனான்ஸிடம் சொல்லிவிட்டால் கோடையில் சண்டை இல்லை. அதோடு, மானிய அனுமதி வருவதற்கு முன் கொடுத்த ஆர்டர் பொதுவாக மானியத்தில் சேராது என்பதையும் ஆசிரியர்களிடம் ஆகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: சம்பளம்

யாருடைய சம்பளமாவது மானியத்தில் இருந்தால், அவர் உண்மையில் செய்த வேலையைக் காட்டும் பதிவு வேண்டும். முழு நேரமும் பெர்கின்ஸ் வேலைதான் என்றால் பெரும்பாலான இடங்களில் அரையாண்டுக்கு ஒருமுறை கையெழுத்திட்ட உறுதிமொழி போதும். பாதி நேரம் பெர்கின்ஸ், பாதி நேரம் வேறு என்றால் மாதாந்தர நேரப் பதிவு. பட்ஜெட்டில் 50 சதவீதம் என்று போட்டிருப்பதை அப்படியே ஒவ்வொரு மாதமும் 50 என்று நிரப்புவது பதிவாகாது. ஒரு மாதம் 43, ஒரு மாதம் 58 என்று வருவதுதான் இயல்பு. வருடக் கடைசியில் உண்மைக்கு ஏற்பக் கணக்கைச் சரிசெய்துவிட்டால் போதும்.

ஏழாம் படி: பொருள் பதிவேடு

2024 திருத்தத்துக்குப் பிறகு ஃபெடரல் விதியில் 'உபகரணம்' என்பது ஒன்றுக்கு 10,000 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள, ஒரு வருடத்துக்கு மேல் உழைக்கும் பொருள், முன்பு 5,000. உங்கள் டிஸ்ட்ரிக்ட் இன்னும் குறைந்த தொகையை வைத்திருந்தால் அதுவே எல்லை. உபகரணம் வாங்க மாநிலத்தின் முன் அனுமதியும் வேண்டும். பதிவேட்டில் இருக்க வேண்டியவை: பொருளின் விவரம், சீரியல் எண், எந்த மானியம், யார் பெயரில், வாங்கிய தேதி, விலை, அதில் ஃபெடரல் பங்கு எவ்வளவு, எங்கே இருக்கிறது, எந்த நிலையில், கடைசியில் என்ன ஆனது. 2 ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

அறை எண்ணில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கும். பதிவேட்டில் 114 என்று இருக்கும். கோடையில் தரை பூச்சு நடந்தபோது மெஷின் 120க்குப் போயிருக்கும். மாநிலத்திலிருந்து வந்தவர் 114இல் போய் நிற்பார். லேப்டாப், டேப்லெட், கேமரா மாதிரி கையோடு எடுத்துப் போகக்கூடியவை விலை குறைவாக இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டிப் பதிவில் ஏற்றுங்கள். அவை காணாமல் போனாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

எட்டாம் படி: பணம் எடுப்பதும் வருட முடிவும்

பெரும்பாலும் முதலில் நீங்கள் செலவழித்து, பிறகு மாநிலத்திடம் திரும்பப் பெறும் முறைதான். மாதத்துக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேளுங்கள். ஏப்ரலில் மொத்தமாகக் கேட்பவரை மாநிலம் 'கவனிக்க வேண்டியவர்' பட்டியலில் வைக்கும்.

வேறு ஃபெடரல் மானியங்களில் பழகியவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். அவற்றில் மீதியை அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போகலாம் என்ற பழக்கம் இருக்கும். பெர்கின்ஸில், கல்வியாண்டுக்குள் நீங்கள் செலவழிக்காத தொகையை மாநிலத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மாநிலம் அதை மறுபடி எல்லோருக்கும் பிரிக்கும். ஆகவே ஜனவரியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். மாற்று ஆசிரியர் கிடைக்காததால் யாரும் போகாத பயிற்சி, விலை குறைந்து மிச்சமான தொகை எல்லாம் அப்போது தெரிந்துவிடும். பிப்ரவரியில் பட்ஜெட் திருத்தம் அனுப்பினால், மதிப்பீட்டில் இரண்டாம் இடத்தில் இருந்த தேவைக்கு அந்தப் பணம் போகும். மே மாதம் விழித்துக்கொண்டால் வாங்குவது, எந்த வகுப்பும் கேட்காத 30 டேப்லெட்டாக இருக்கும்.

ஒன்பதாம் படி: எண்கள்

உங்கள் திட்டத்தை மாநிலம் எடைபோடுவது 'கான்சென்ட்ரேட்டர்' என்ற மாணவர்களை வைத்து. பள்ளியில், ஒரே தொழிற்படிப்பு வரிசையில் குறைந்தது 2 பாடங்கள் முடித்தவர். காலேஜில், ஒரு தொழிற்படிப்பில் குறைந்தது 12 கிரெடிட் பெற்றவர், அல்லது அதைவிடச் சிறிய படிப்பாக இருந்தால் அதை முடித்தவர். பட்டம் பெறும் விகிதம், பாடத் தேர்ச்சி, படிப்புக்குப் பிறகு எங்கே போனார்கள், தங்கள் பாலினத்தவர் குறைவாக உள்ள துறைகளில் சேர்க்கை, அதோடு சான்றிதழ், காலேஜ் கிரெடிட், பணியிடப் பயிற்சி ஆகியவற்றில் மாநிலம் தேர்ந்தெடுத்தது எல்லாம் இவர்களை வைத்துத்தான் கணக்கிடப்படும். ஏதாவது ஓர் அளவில் ஒப்புக்கொண்ட இலக்கின் 90 சதவீதத்தைக்கூட எட்டாவிட்டால் முன்னேற்றத் திட்டம் எழுதித்தர வேண்டும்.

எண் குறைவாக வந்தால் ஆசிரியரைக் கேள்வி கேட்பதற்கு முன் பாடக் குறியீடுகளைப் பாருங்கள். வெல்டிங் 1க்கும் வெல்டிங் 2க்கும் வெவ்வேறு படிப்பு வரிசையின் குறியீடு போட்டிருந்தால், இரண்டையும் முடித்த பிள்ளை கணக்கில் வரவே மாட்டாள்.

படிப்புக்குப் பிந்தைய நிலையைச் சேகரிப்பதற்கு நாள்கணக்கு முக்கியம். பள்ளியை முடித்து வெளியேறிய பிறகு வரும் இரண்டாவது காலாண்டில் அவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் கேள்வி. ஜூனில் முடித்தவருக்கு அது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. காலேஜில் இருக்கிறாரா, மேற்பயிற்சியிலா, ராணுவத்திலா, தேசிய சேவையிலா, பீஸ் கோரிலா (வெளிநாடுகளில் தன்னார்வப் பணி செய்யும் அமெரிக்க அரசு அமைப்பு), வேலையிலா. அக்டோபரில் அவருடைய பள்ளி மின்னஞ்சல் செத்துப்போயிருக்கும். மே மாதமே சொந்த செல்ஃபோன் எண்ணையும் வீட்டில் இன்னொருவரின் எண்ணையும் வாங்கிவைத்துவிடுங்கள். கூப்பிடும் வேலையை அவரவர் தொழிற்கல்வி ஆசிரியரிடம் கொடுங்கள், அதற்குரிய நேரத்துக்குச் சம்பளத்தோடு. ஆஃபீஸ் எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காத பையன், தன் வெல்டிங் வாத்தியாரின் மெசேஜுக்குப் பதில் போடுவான்.

பத்தாம் படி: ஆய்வு வரும்போது

மாநிலம் அபாய மதிப்பெண் போட்டுத்தான் யாரை ஆய்வு செய்வது என்று தேர்ந்தெடுக்கிறது. புது ஒருங்கிணைப்பாளர் என்பதே சில இடங்களில் ஒரு மதிப்பெண். அதனால் முதல் இரண்டு வருடங்களுக்குள் ஒரு வருகையை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். இது தவிர, உங்கள் நிறுவனம் எல்லா ஃபெடரல் நிதிகளையும் சேர்த்து ஆண்டுக்கு 10 லட்சம் டாலரோ அதற்கு மேலோ செலவழித்தால் தனி ஆடிட்டும் உண்டு. அந்த எல்லை முன்பு 7,50,000 ஆக இருந்தது.

ஒவ்வொரு பெரிய செலவுக்கும் ஒரு ஃபோல்டர் என்று வைத்துக்கொண்டால் ஆய்வு அரை நாளில் முடியும். வெல்டிங் மெஷின் ஃபோல்டரில் வரிசையாக: தேவை மதிப்பீட்டின் அந்தப் பக்கம், கூட்டக் குறிப்பு, மாநிலம் அனுமதித்த பட்ஜெட் வரி, அம்சப் பட்டியல், கோட்டேஷன்கள், தேர்ந்தெடுத்த காரணம், பர்ச்சேஸ் ஆர்டர், பொருள் வந்து சேர்ந்ததற்கான கையெழுத்து, இன்வாய்ஸ், பணம் கொடுத்த பதிவு, பதிவேட்டு வரி, மெஷினில் ஒட்டிய ஸ்டிக்கரின் படம். தேதிகள் இந்த வரிசையிலேயே ஏற வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டரின் தேதி மாநில அனுமதிக்கு முந்தியதாக இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

குறை ஏதாவது கண்டுபிடித்தால் வாதாடுவதற்கு முன் அதன் வகையைப் பாருங்கள். காகிதம் இல்லை என்ற குறைக்கு, உண்மையில் இருந்த ஆதாரத்தைத் தேடிக் கொடுக்கலாம். பழைய தேதி போட்டுப் புதிதாக எழுதக் கூடாது, அது சிறிய குறையை மோசடியாக்கிவிடும். நடைமுறையில் குறை என்றால் திருத்தத் திட்டம் எழுதிக் கொடுத்து, சொன்ன நாளுக்குள் செய்துகாட்ட வேண்டும். செலவே தகாதது என்றால் அந்தத் தொகையை உள்ளூர்ப் பணத்திலிருந்து திருப்பித் தர வேண்டும். வேறொரு ஃபெடரல் மானியத்திலிருந்து எடுத்து அடைக்க முடியாது.

கோப்புகளை எத்தனை நாள் வைத்திருப்பது? கடைசி நிதி அறிக்கை கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் என்பது ஃபெடரல் விதி. உபகரணத்துக்கு, அதை விற்றோ ஒழித்தோ முடித்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். ஆடிட்டோ வழக்கோ நடந்துகொண்டிருந்தால் அது முடியும் வரை. மாநில விதி இதைவிட நீளமாக இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். வெல்டிங் மெஷின் 15 வருடம் ஓடினால் அதன் ஃபோல்டரும் அதற்கு மேல் 3 வருடம் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் சொந்த லேப்டாப்பில் வைக்காமல், உங்களுக்குப் பின் வருபவரும் திறக்கக்கூடிய டிஸ்ட்ரிக்ட் சர்வரில் வையுங்கள்.